வந்த வேகத்தில் மறையும் நீல வெடிப்புகள்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுவது எங்கள் வழக்கம். நிலாவையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்தவர்கள் உடனே கிளம்பிவிட மாட்டார்கள், நின்று பேசுவார்கள். நட்சத்திரம் வெடிப்பது பற்றிப் பேச்சு வந்தால் ‘பசு’ என்ற ஒரு வெடிப்பின் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. அதைக் கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் தெரிந்திருந்தால் போதும், படித்துவிடலாம்.

இது என்ன வெடிப்பு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றில் திடீரென்று ஒரு ஒளிப்புள்ளி தோன்றும். இரண்டு மூன்று நாளில் சாதாரண சூப்பர்நோவாவைவிடப் பல மடங்கு பிரகாசமாகும். சில வாரங்களுக்குள் மங்கிப் போகும். நிறம் நல்ல நீலம். ஆராய்ச்சியாளர்கள் இவற்றை ‘எல்எஃப்பாட்’ என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ‘வேக நீல வெடிப்பு’ என்றே எழுதுகிறேன்.

சூப்பர்நோவாவும் நட்சத்திர வெடிப்புதானே? இதற்கு மட்டும் ஏன் தனிப் பெயர்?

சூப்பர்நோவா நிதானமானது. சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்ததும் அதன் நடுப்பகுதி தன் பாரம் தாங்காமல் இடிந்து உள்ளே விழுகிறது, வெளிப்பகுதி சிதறுகிறது. அதன் ஒளி ஏறி இறங்குவதைப் பல மாதங்கள் உட்கார்ந்து பார்க்கலாம். 2023 மே 19 அன்று ஜப்பானைச் சேர்ந்த கொய்ச்சி இதகாகி என்ற அமெச்சூர் வானியலாளர் எம்101 மண்டலத்தில் கண்டுபிடித்த சூப்பர்நோவா நல்ல உதாரணம். சில நாட்களில் உச்சத்துக்குப் போனது. அப்புறம் இரண்டு மாதத்துக்கும் மேலாக, பெரிய இறக்கம் இல்லாமல் அங்கேயே நின்றது.

வேக நீல வெடிப்பு அப்படி நிற்பதில்லை. உச்சத்தைத் தொட்ட அடுத்த நாளே இறங்கத் தொடங்கிவிடும். ஒரு வாரம் கழித்துத் தொலைநோக்கியைத் திருப்பினால் கதையின் பாதி போயிருக்கும்.

முதலில் பிடிபட்டது எது?

2018 ஜூன் 16. இங்கே ஆனி மாதம் பிறந்த கையோடு. ஹவாய்த் தீவுகளில் இருக்கும் ‘அட்லஸ்’ தொலைநோக்கிகள்தான் பார்த்தன. பூமியில் மோத வாய்ப்புள்ள சிறுகோள்களைக் கண்காணிப்பதற்காக வைக்கப்பட்டவை அவை. தினமும் வானத்தைப் படம் எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிடும். முந்தைய படங்களில் இல்லாத ஒரு பிரகாசப் புள்ளி ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 20 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு சிறிய மண்டலத்தில் இருந்தது. உச்சத்தில் அதன் ஒளி கிட்டத்தட்ட 10,000 கோடி சூரியன்களுக்குச் சமம்.

அதன் பதிவுப் பெயர் ஏடி2018சிஓடபிள்யூ. ஆண்டுதோறும் புதிதாகத் தோன்றும் பொருட்களுக்கு வரிசைப்படி எழுத்துகள் கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் விழுந்த சி, ஓ, டபிள்யூ என்ற மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்து வாசித்தவர்கள் ‘கௌ’, அதாவது ‘பசு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்குப் பின் வந்தவற்றுக்கும் விலங்கு, பறவைப் பெயர்களே அமைந்துவிட்டன.

இதே வகை வெடிப்புகள் அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன. பசு அவற்றையெல்லாம்விட மிக அருகில், நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டது. அதனால்தான் உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

சீக்கிரம் மங்குவதில் அப்படி என்ன அதிசயம்? சின்ன வெடிப்பாக இருந்தால் சீக்கிரம் அணையத்தானே செய்யும்?

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இந்தத் துறையின் முக்கால் பங்கு புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெடித்துச் சிதறிய பொருளுக்குள் பிறக்கும் ஒளி நேராக வெளியே வந்துவிடாது. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் நடுக்கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர், ஒருவர்மேல் இடித்து, திரும்பி, அடுத்தவர்மேல் இடித்து, எப்படியோ ஒரு முடுக்கு வழியாக வெளியே வருவார் அல்லவா? ஒளித்துகளும் அப்படித்தான் எலக்ட்ரான்களில் மோதி மோதி வெளியே வருகிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் நேரம் கூடும். கூட்டம் வேகமாகக் கலைந்தால் நேரம் குறையும். ஆக, ஒரு வெடிப்பு உச்ச ஒளியை அடைய எத்தனை நாள் எடுத்தது என்று பார்த்தாலே, எவ்வளவு பொருள் சிதறியது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

பசு மூன்று நாளில் உச்சத்துக்குப் போனது. அப்படியானால் வேகமாகச் சிதறிய பொருள் சூரிய நிறையில் பாதிகூட இருக்க முடியாது.

இனி ஒளியின் பக்கம் வருவோம். சாதாரண சூப்பர்நோவாக்களில் பலவற்றுக்கு ஒளி கொடுப்பது வெடிப்பில் உருவாகும் நிக்கல்-56 என்ற கதிரியக்கப் பொருள். ஆறு நாளில் அதில் பாதி கோபால்ட்-56 ஆக மாறும். அந்தக் கோபால்ட்டில் பாதி 77 நாளில் இரும்பாக மாறும். இந்தச் சிதைவில் வரும் வெப்பம்தான் மாதக்கணக்கில் ஒளியாக வெளியே வருகிறது. 1987-இல் வெறும் கண்ணுக்கே தெரிந்த சூப்பர்நோவாவில் இருந்த நிக்கல் சூரிய நிறையில் சுமார் 0.07 பங்குதான். பசுவின் உச்ச ஒளியை நிக்கலால் விளக்கப் பார்த்தால் பல சூரியன்கள் நிறைக்கு நிக்கல் தேவைப்படுகிறது.

சிதறிய மொத்தப் பொருளே அரைச் சூரியன் இல்லை. அதற்குள் பல சூரியன் நிக்கல் எப்படி இருக்கும்? இருக்க முடியாது. எனவே ஒளியின் மூலம் வேறு. சின்ன வெடிப்பு என்ற விளக்கமும் இதனால்தான் நிற்பதில்லை: சிதறியது கொஞ்சம், வெளிவந்த ஆற்றல் ஏராளம். நடுவில் ஏதோ ஒன்று உயிரோடு இருந்து ஆற்றலை ஊட்டிக்கொண்டிருக்கிறது. வானியலாளர்கள் அதை ‘மைய எந்திரம்’ என்கிறார்கள்.

பள்ளிகளில் நான் இதை வரைபடத் தாளில் செய்யச் சொல்வது உண்டு. கீழே நாட்கள், பக்கவாட்டில் பிரகாசத்தைச் சொல்லும் பொலிவெண். பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்பதால் அச்சைத் தலைகீழாகப் போட வேண்டும். அதில்தான் முதலில் எல்லோரும் குழம்புவார்கள். எம்101 சூப்பர்நோவாவையும் பசுவையும் ஒரே தாளில் வரைந்தால், ஒன்று மேசை மாதிரி தட்டையாக வரும், இன்னொன்று ஊசி மாதிரி ஏறி இறங்கும். அந்த ஊசியின் அகலத்தை அடிக்கோலால் அளந்துவிட்டு நிக்கல் கணக்கைச் சொன்னால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே “அப்போ நிக்கல் இல்லை சார்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

நீல நிறம் ஏன்?

வெப்பம். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,800 கெல்வின். பசுவின் மேற்பரப்பு ஆரம்பத்தில் 30,000 கெல்வின் அளவில் இருந்தது. சூப்பர்நோவா விரிய விரியக் குளிர்ந்து சிவக்கும். பசு வாரங்கள் கழித்தும் 15,000 கெல்வின் பக்கத்திலேயே நின்றது. அதைவிட விசித்திரம், ஒளி வரும் பரப்பு விரிவதற்குப் பதிலாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் பார்த்தால் போதாதா? எக்ஸ் கதிர், ரேடியோ என்று ஏன் இத்தனை பாடு?

போதாது. கண்ணொளியை மட்டும் நம்பியிருந்தால், வேகமாக வந்து வேகமாக அணைந்த ஒன்று என்று எழுதி மூடிவைத்திருப்பார்கள். அது அணையவில்லை என்று சொன்னது மற்ற அலைநீளங்கள்தான். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து சேதி கொண்டுவந்தது.

எக்ஸ் கதிரை எடுத்துக்கொள்வோம். கண்டுபிடித்த சில நாட்களிலேயே நாசாவின் ‘ஸ்விஃப்ட்’ விண்கலம் பசுவின் பக்கம் திரும்பியது. எக்ஸ் கதிர் பலமாக வந்தது. அதுவும் சீராக அல்ல, சில நாட்களுக்கு ஒருமுறை ஏறியும் இறங்கியும். விரிந்து பரவும் ஒரு பெரிய அதிர்வலையால் இப்படித் துடிக்க முடியாது. அளவில் சிறிய, உள்ளே இருக்கிற ஒன்றால்தான் முடியும். ‘நூஸ்டார்’ விண்கலம் இன்னும் ஆற்றல் கூடிய எக்ஸ் கதிரில் பார்த்தபோது முதல் வாரம் அளவில் நிறமாலையில் ஒரு மேடு தெரிந்தது. சில நாட்களில் அந்த மேடு மறைந்தது. மையத்திலிருந்து புறப்பட்ட எக்ஸ் கதிர் சுற்றியிருந்த அடர்த்தியான பொருளில் பட்டுத் தெறித்து வந்திருக்கிறது, பின்பு அந்தப் பொருள் விரிந்து மெலிந்துவிட்டது என்று படித்தார்கள். கண்ணொளி நிறமாலையில் ஹைட்ரஜன், ஹீலியம் கோடுகள் தெளிவாகத் தலைகாட்டியதும் அதையொட்டித்தான். இரண்டு வெவ்வேறு கருவிகள் ஒரே மாற்றத்தைக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் சொல்லும்போது மனத்தில் ஏற்படுகிற நம்பிக்கை தனி.

பின்னர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டிருந்த ‘நைசர்’ கருவியின் தரவை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். எக்ஸ் கதிரில் நொடிக்கு 224 முறை வரும் ஒரு துடிப்பு, அதாவது 4.4 மில்லி வினாடிக்கு ஒன்று, ஏறத்தாழ 60 நாட்கள் ஒளிந்திருந்தது. 4.4 மில்லி வினாடியில் ஒளி 1,300 கிலோமீட்டர்தான் போகும். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பும் தூரம். அதற்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது எதுவோ, அதுதான் 10,000 கோடி சூரியன் ஒளிக்குக் காரணம். நியூட்ரான் விண்மீனோ (பெரிய நட்சத்திரம் இடிந்தபின் மிஞ்சும் அடர்ந்த உருண்டை), 850 சூரியன் நிறைக்கு உட்பட்ட கருந்துளையோதான் இந்தக் கணக்குக்குள் வரும்.

ரேடியோ அலை சொன்னது வெளியில் நடந்ததை. சிதறிய பொருள் சுற்றுப்புற வாயுவில் மோதும்போது எழும் அதிர்வலையில் எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டு ரேடியோ அலையை உமிழும். முதலில் மில்லிமீட்டர் அலைநீளத்தில் பசு வெகு பிரகாசமாகத் தெரிந்தது. ஹவாயின் மௌனா கீ மலையிலுள்ள சப்மில்லிமீட்டர் வரிசையும், சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ‘ஆல்மா’வும் பார்த்தன. அதிர்வலையின் வேகம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, நொடிக்கு 30,000 கிலோமீட்டர். சுற்றியிருந்த வாயுவும் அடர்த்தியானது. அதாவது, அந்த நட்சத்திரம் சாவதற்கு முன்பே தன்னைச் சுற்றி நிறையப் பொருளைக் கொட்டியிருக்கிறது. இந்தத் தகவலைக் கண்ணொளியில் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் எடுத்திருக்க முடியாது.

புற ஊதாவின் கதை இன்னும் நீளம். ‘ஹப்பிள்’ சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தைப் பார்த்தது. அங்கே நீலமும் புற ஊதாவுமாக ஒரு சூடான புள்ளி இன்னும் இருந்தது. கருந்துளையைச் சுற்றி வாயுத்தட்டு ஒன்று மெதுவாக விழுங்கப்பட்டுக்கொண்டிருந்தால் இப்படி இருக்கும்.

வெடிப்பின் வடிவத்தைக் கூட அளந்தார்கள். லா பால்மா தீவிலுள்ள லிவர்பூல் தொலைநோக்கி ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை அளந்தபோது, ஐந்தாறு நாள் அளவில் அது 7 சதவீதம் வரை உயர்ந்தது. உருண்டையான வெடிப்பில் அது சுழியை ஒட்டித்தான் இருக்கும். பசு தட்டையாக வெடித்திருக்கிறது.

எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள் என்கிறீர்கள். எப்படி ஒருங்கிணைக்கிறார்கள்?

கண்டவர் உடனே பொதுவில் அறிவிக்கிறார். நிறமாலை எடுத்தவர் அதையும் வெளியிடுகிறார். ஸ்விஃப்ட் போன்ற விண்கலங்களுக்கு ‘அவசரமாகத் திருப்புங்கள்’ என்று விண்ணப்பிக்கும் வழி திறந்தே இருக்கிறது. மற்றபடி பூமி சுழல்வதால் ஓர் இடத்தில் விடிந்தால் அடுத்த இடத்தில் பொறுப்பு ஏற்க வேண்டும். ஹவாய், ஆசியா, கேனரி தீவுகள், சிலி என்று சங்கிலி நீள்கிறது. இந்தச் சங்கிலியில் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் பெரிய இடைவெளி. அங்கேதான் இந்தியாவின் தீர்க்கரேகை மதிப்புப் பெறுகிறது. லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கியும், தானாக இயங்கும் 70 செ.மீ. தொலைநோக்கியும் இருக்கின்றன.

உள்ளே இருப்பது என்ன? யாராவது ஒரு முடிவுக்கு வந்தார்களா?

ஒரே முடிவுக்கு இன்னும் வரவில்லை. போட்டியில் நாலு கட்சிகள். மிகப் பெரிய நட்சத்திரம் சரியாக வெடிக்க முடியாமல் நடுவில் கருந்துளையாகி, மிச்சப் பொருளை விழுங்கியது என்பது ஒன்று. வேகமாகச் சுழலும், கடுமையான காந்தப்புலம் உள்ள நியூட்ரான் விண்மீன் பிறந்து ஆற்றலைக் கொட்டியது என்பது இரண்டாவது. நடுத்தர நிறையுள்ள கருந்துளை, தன் பக்கம் வந்த நட்சத்திரத்தைக் கிழித்தது என்பது மூன்றாவது. நாலாவது, ஜோடியாகச் சுற்றிக்கொண்டிருந்த நட்சத்திரமும் கருந்துளையும் நெருங்கி நெருங்கி, கடைசியில் கருந்துளை தன் துணையையே விழுங்கியது.

என் சாய்வு நாலாவதின் பக்கம். காரணம் சொல்கிறேன். சுற்றுப்புறத்தில் முன்கூட்டியே அடர்த்தியான வாயு கிடந்தது. இரண்டு பொருட்கள் நெருங்கும்போது வாயு வெளியே கொட்டப்படுவது இயல்பு. தட்டையான வெடிப்பும் சுற்றுப்பாதைத் தளம் ஒன்றிருந்தால் எளிதாக வரும். இவற்றில் பெரும்பாலானவை புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் சிறு மண்டலங்களில் நடக்கின்றன. பெருநிறை ஜோடிகள் கிடைக்கும் இடங்கள் அவை. 2024-இல் பிடிபட்ட ‘விப்பெட்’ என்ற வெடிப்பு சுமார் 110 கோடி ஒளியாண்டு தொலைவில் இருந்தது, உண்மையான ஒளியில் பசுவைவிட 5 முதல் 10 மடங்கு பிரகாசம். அவ்வளவு ஆற்றலைச் சாதாரண நட்சத்திர வெடிப்பால் தர முடியாது என்று காட்டி, கருந்துளை தன் பெருநிறைத் துணையைக் கிழித்தது என்ற விளக்கத்தை அதை ஆராய்ந்த குழு முன்வைத்தது.

ஆனால் ‘ஃபிஞ்ச்’ என்ற சிறு பறவையின் பெயர் கொண்ட 2023-ஆம் ஆண்டு வெடிப்பு இந்த விளக்கத்துக்கு இடைஞ்சல். பக்கத்துப் பெரிய மண்டலத்திலிருந்து சுமார் 50,000 ஒளியாண்டு, சிறிய மண்டலத்திலிருந்து சுமார் 15,000 ஒளியாண்டு விலகி, இரண்டிலும் சேராத வெளியில் அது வெடித்ததை ஹப்பிள் காட்டியது. குறைந்த ஆயுளுள்ள பெரிய நட்சத்திரம் அவ்வளவு தூரம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? எந்த விளக்கமும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வேறு எவை பிடிபட்டன?

கோலா, ஒட்டகம், 2016-இல் ஒரு குறு மண்டலத்தில் ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் பொருளை வீசிய ஒன்று என்று பட்டியல் கொஞ்சமாக வளர்கிறது. எல்லாவற்றிலும் என்னை அதிகம் உலுக்கியது 2022-இன் ‘டாஸ்மேனியன் டெவில்’. வழக்கப்படி மங்கிவிட்டது. மூன்று மாதம் கழித்து டிசம்பரில் அதே இடத்திலிருந்து சில நிமிடங்களே நீடிக்கும் மின்னல்கள் வரத் தொடங்கின. அவற்றில் சில, முதல் வெடிப்பின் உச்சத்துக்கு ஈடான பிரகாசம். பல நாட்டுத் தொலைநோக்கிகளைச் சேர்த்து குறைந்தது 14 மின்னல்களைப் பதிவு செய்தார்கள். செத்த நட்சத்திரம் நூறு நாள் கழித்து இப்படி மின்னுமா? மைய எந்திரம் என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அடிக்கடி நடக்குமா?

மிக அபூர்வம். பெருநிறை நட்சத்திரங்கள் இடிந்து வரும் சூப்பர்நோவா ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்குகூடத் தேறாது.

இதனால நமக்கு ஏதும் ஆபத்து உண்டுமா?

இல்லை. 20 கோடி ஒளியாண்டு என்பது, அங்கிருந்து ஒளி கிளம்பியபோது பூமியில் டைனோசர்கள் இருந்த காலம். பசுவோடு சேர்ந்து காமா கதிர் வெடிப்பு எதுவும் பதிவாகவில்லை.

விண்வெளி வெடிப்பு பூமியைத் தொட்டதே இல்லையா என்று கேட்டால், தொட்டிருக்கிறது. 2022 அக்டோபர் 9 அன்று வந்த மிகப் பலமான காமா கதிர் வெடிப்பு நம் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தைச் சிறிது நேரம் கலக்கியது. யாருக்கும் தீங்கு இல்லை, கருவிகள் உணர்ந்தன. அயனி மண்டலத்தைப் படிக்கும் ஆய்வகம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகில் போவதால், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது. சிற்பம் பார்க்கக் கிருஷ்ணாபுரம் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகையையும் ஒரு கண் பாருங்கள்.

நம்ம ஊரிலிருந்து பார்க்க முடியுமா, அண்ணாச்சி?

வெறும் கண்ணால் முடியாது. பசு உச்சத்தில் பொலிவெண் 13.5 அளவில் இருந்தது. நல்ல இருட்டில் கண் பார்ப்பது 6 வரை. இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆனால் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் கேமரா பொருத்தி, பல படங்களை அடுக்கினால் அது சிக்கும் பிரகாசம்தான். 2018 ஜூன் நடுவில் இரவு 11 மணிக்கு அது நெல்லையில் தலைக்கு மேல், கொஞ்சம் வடக்கே தள்ளி இருந்தது. இடம் இதைவிட வசதியாக அமையாது.

இடம் வசதி, காலம் வசதி இல்லை. ஜூனில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். குற்றாலத்தில் சாரல். மேற்கு வானத்தில் மலையை ஒட்டி மேகம் சுவர் கட்டி நிற்கும். அதன் கிழிசல்கள் ஒவ்வொன்றாக நம் தலைக்கு மேல் ஓடும். பத்து நிமிடம் தெளிவு, இருபது நிமிடம் மூட்டம். மங்கலான பொருளைப் பல நிமிடம் தொடர்ந்து படம் எடுக்க இது ஒத்துவராது. கிழக்கே நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் போனால் மேகம் குறையும். தேரி மணலுக்குப் பக்கத்தில் இருட்டும் நன்றாக இருக்கும். ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் தொலைநோக்கி ஆடாமல் நிற்க வேண்டுமே. ராதாபுரம், பணகுடி வட்டாரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளையும் கணக்கில் வையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நமக்குச் சிறந்த காலம்.

நெல்லைக்கு ஒரு பெரிய வசதி, அட்சரேகை 8.7 பாகை. துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்தை ஒட்டித் தெரியும். தெற்கே சிலிக்காரர்கள் பார்க்கும் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1987-இல் பெரிய மெகல்லனிக் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவா டெல்லியில் அடிவானத்துக்கு மேலே வரவே இல்லை. நம் தெற்கு வானில் 12 பாகை உயரம் வரை வந்தது.

மாவட்ட அறிவியல் மையத்தில் காட்டுவார்களா?

கொக்கிரகுளத்து அறிவியல் மையம் குழந்தைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். வானம் பார்க்கும் பழக்கத்தை அங்கே தொடங்கலாம். வேக நீல வெடிப்பைப் பார்ப்பதற்கு வேறு கருவி வேண்டும்.

இதில் நம்ம பங்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும்.

புணே மாவட்டம் நாராயண்காவுக்கு அருகில் கோடத் என்ற ஊரைச் சுற்றி 45 மீட்டர் விட்டமுள்ள 30 ரேடியோ தட்டுகள் பரவிக் கிடக்கின்றன. கம்பி வலையால் ஆன தட்டுகள்; காற்று அவற்றுக்குள் புகுந்து போய்விடும். இதுதான் ஜிஎம்ஆர்டி. பசுவை இந்திய ஆய்வாளர்கள் இதில் முதல் இரண்டு வாரத்திலேயே பார்க்கத் தொடங்கி, 500 நாட்களுக்கு மேல் விடாமல் தொடர்ந்தார்கள். குறைந்த அதிர்வெண்ணில் ரேடியோ ஒளி தாமதமாகத்தான் வெளியே வரும். உலகம் அடுத்த செய்திக்குப் போன பிறகும் காத்திருந்தவர்களுக்கே அது கிடைத்தது. வெடிப்பைச் சுற்றிய வாயு எப்படிப் பரவியிருந்தது என்று அந்தப் பொறுமை சொல்லிக்கொடுத்தது.

அப்புறம் மகேந்திரகிரி. எக்ஸ் கதிரும் புற ஊதாவும் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் பார்க்கவல்ல ‘ஆஸ்ட்ரோசாட்’ 2015 செப்டம்பர் 28 அன்று பிஎஸ்எல்வி-சி30 ராக்கெட்டில் போனது. எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை அளக்கும் ‘எக்ஸ்போசாட்’ 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி-சி58-இல் போனது. பிஎஸ்எல்வியின் இரண்டாவது, நான்காவது திரவ எரிபொருள் நிலைகள் மகேந்திரகிரி இஸ்ரோ உந்துவிசை வளாகத்திலிருந்துதான் தயாராகிப் போகின்றன. காவல்கிணறு வழியாகப் போகும்போது மலையடிவாரத்தைப் பார்த்து ‘அங்கே ராக்கெட் எஞ்சின்’ என்று பிள்ளைகளிடம் சொல்வோம். இனி ‘நட்சத்திரத்தின் எக்ஸ் கதிரைப் பார்க்கும் வழியும் அங்கேதான் தொடங்குகிறது’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சார், என் மகள் தமிழ் வழியில் ஒன்பதாவது படிக்கிறாள். இந்தத் துறைக்குப் போக முடியுமா?

தாராளமாக, அம்மா. பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுக்கட்டும். பிறகு இயற்பியலில் பட்டம், முதுநிலை, அதற்குப் பின் பெங்களூரு வான்இயற்பியல் நிறுவனம், புணேயின் ஐயூகா, என்சிஆர்ஏ போன்ற இடங்களில் ஆராய்ச்சி. இப்போதே பைத்தான் நிரல் எழுதப் பழகினால் ரொம்ப நல்லது. இந்தத் துறையில் பாதி வேலை அதுதான். விடுமுறைக்கு எங்காவது கூட்டிப்போக நினைத்தால் ஜவ்வாது மலைக் காவலூருக்குப் போங்கள். அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை அருகில் நின்று பார்க்கலாம்; போகும் முன் பார்வை நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெடித்தால் எனக்கு எப்படித் தெரியும்?

புதிதாகத் தோன்றும் பொருட்களின் பன்னாட்டுப் பதிவேடு ‘டிரான்சியன்ட் நேம் சர்வர்’ இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் கலிபோர்னியாவின் இசட்டிஎஃப் ஆய்வு தரும் ஒளிவளைவுகளை (நாளுக்கு நாள் பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடங்களை) ‘அலெர்ஸ்’, ‘லசேர்’ போன்ற தளங்களில் கணக்கு இல்லாமலே பார்க்கலாம். கைபேசியில் ‘ஆஸ்ட்ரோ-கொலிப்ரி’ செயலி அறிவிப்பு அனுப்பும். சிலியின் ரூபின் ஆய்வகமும் 2025-இல் முதல் படங்களை வெளியிட்டுவிட்டதால் இனி புதுப் புள்ளிகள் வந்து குவியும்.

ஒளிவளைவைத் திறந்ததும் மூன்றைப் பாருங்கள். முந்தைய படத்தில் அங்கே எதுவும் இல்லை, மூன்று நாலு நாளில் உச்சம் தொட்டிருக்கிறது. பச்சை வடிகட்டியில் சிவப்பைவிடப் பிரகாசமாக இருக்கிறது, நாட்கள் போயும் அந்த வித்தியாசம் குறையவில்லை. ஒரு விண்மீன் மண்டலத்தின் பக்கத்தில் இருக்கிறது. மூன்றும் பொருந்தினால் அன்றிரவே அதன் பொலிவெண்ணைக் குறித்துக்கொண்டு, வானம் விட்டால் படம் எடுங்கள். எடுத்த நேரத்தை நொடிவரை எழுதிவையுங்கள்; நேரம் இல்லாத படத்தால் இந்த வேலைக்குப் பயன் இல்லை. மறுநாளும் எடுங்கள், அதற்கு மறுநாளும்.